பழக்காத பேட்டரி

தன் மகள் கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் பொன்செல்விதான் வர வேண்டும் என்று முத்துத்தாய் கேட்டபோது, இசக்கித்துரைக்குச் சிரிப்பு வந்தது. அவனுடைய போட்டோக் கடையில் வேறு ஆட்கள் இருந்ததால் அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

முத்துத்தாய் குருவிகுளம் பக்கத்துக் கரிசல்காட்டு ஊர்க்காரி. கொஞ்சம் பருத்தி, கொஞ்சம் ஆடு. புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக வளர்த்த மகள் பூமாரிக்கு ஆனி மாதம் கல்யாணம் வைத்திருந்தாள். பூமாரி பெரியவளானபோது சடங்கு வீட்டுக்கு வந்து படம் எடுத்தவள் பொன்செல்வி. அந்த ஆல்பத்தை முத்துத்தாய் காட்டாத ஆள் ஊரில் கிடையாது.

"எம்மவ அப்படிச் சிரிச்சு நான் அந்தப் போட்டாவுலதான் பாத்தேன். இந்தப் பிள்ளையே வரட்டும்" என்றாள்.

வேறு நாளாக இருந்தால் இசக்கித்துரை எதையாவது சொல்லித் தட்டிக் கழித்திருப்பான். ஆனால் அதே முகூர்த்தத்துக்குப் புளியங்குடியில் ஒரு எலுமிச்சை மண்டிக்காரர் வீட்டுக் கல்யாணத்தை ஒப்புக்கொண்டிருந்தான். வருகிற வேலையை விடவும் மனமில்லை. சரி என்று சொல்லிவிட்டான்.

சங்கரன்கோவிலில் திருவேங்கடம் சாலையில் இருக்கும் அந்த ஸ்டூடியோ அவனுடைய அப்பா வெள்ளத்துரை தொடங்கியது. அவர் இப்போது மாலை போட்ட படமாகச் சுவரில் இருந்தார். பொன்செல்வி அவருடைய தங்கை மகள். இயற்பியல் படித்து முடித்த கையோடு இசக்கித்துரைக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவள் கையில் முதன்முதலில் கேமராவைக் கொடுத்தவனும் அவன்தான். கல்யாணமான புதிதில், ஸ்டூடியோவின் நீலத்திரைக்கு முன்னால் நின்று, அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, வளையத்தை எப்படித் திருப்பினால் முகம் தெளியும் என்று காட்டிக் கொடுத்தான். அவன் குரல் அவள் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தக் குரலுக்காகவே அவள் புரிந்த பிறகும் புரியாதவள்போல் பல நாள் நின்றிருக்கிறாள்.

அப்புறம் அவள் அவனைவிட நன்றாக எடுக்க ஆரம்பித்தாள். அதை இருவருமே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை. சடங்கு, வளைகாப்பு, பிள்ளைக்குப் பேர் வைப்பது என்று பெண்கள் கூடும் வீடுகளுக்கு அவள் போவாள். கல்யாணத்துக்கு அவன் போவான். யார் எடுத்தாலும் ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் 'படங்கள்: இசக்கித்துரை' என்றுதான் அச்சாகும்.

முத்துத்தாய் போன பிறகு பொன்செல்வி கேட்டாள். இந்தக் கல்யாணம் நன்றாக அமைந்தால், இந்த ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் தன் பெயர் வர வேண்டும். ஆவணியில் இருந்து கல்யாணங்களுக்குத் தானும் போக வேண்டும். இதைக் கேட்க அவளுக்கு எட்டு வருஷம் ஆகியிருந்தது.

"சரிட்டி" என்றான் அவன். "ஆவணியில இருந்து ரெண்டு கேமரா, ரெண்டு பேரு. போதுமா?"

சொல்லிவிட்டு அவள் கன்னத்தைக் கிள்ளினான். அவள் அன்று வீட்டில் பால்கொழுக்கட்டை செய்தாள்.

அவளுக்கென்று புது ஃபிளாஷ் ஒன்று வாங்கினான். அதற்குள் போட, திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றும் பென்சில் செல்லும் நான்கு வாங்கினான். செல் வந்து சேர்ந்தது கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால். அங்கேதான் சின்னப் பேச்சு வந்தது.

புது செல்லைப் 'பழக்க' வேண்டும் என்பது அந்தக் கடையின் சட்டம். வெள்ளத்துரை காலத்தில் வந்தது. முதல் தடவை ராத்திரி பூராவும் சார்ஜ் ஏற்ற வேண்டும். பிறகு ஒரு சொட்டு இல்லாமல் தீர்க்க வேண்டும். மறுபடி ஏற்ற வேண்டும். இப்படி மூன்று தடவை செய்தால்தான் செல் சொன்ன பேச்சு கேட்கும் என்பார். ஊரில் படம் எடுக்கிறவர்கள் எல்லோருமே அப்படித்தான் செய்தார்கள். சிலர் அதை ஆக்டிவேட் பண்ணுவது என்றார்கள். வெள்ளத்துரை வாயில் இருந்து வந்த சொல் 'பழக்குறது'.

பொன்செல்வி அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, இந்த செல்லெல்லாம் சார்ஜோடுதான் வருகிறது, பிரித்து அப்படியே போடலாம் என்று எழுதியிருக்கிறது என்றாள். மாமா சொன்னது பழைய காலத்து செல்லுக்குச் சரி. இப்போதெல்லாம் ஒரு தடவை ஏற்றிக்கொண்டாலே தாராளம். சும்மா சும்மா அடியோடு தீர்ப்பதுதான் கெடுதல். இதையெல்லாம் அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

"அட்டையில எழுதுறவன் கல்யாண வீட்டுக்கு வருவானா? பழக்காத பேட்டரி காலை வாரிரும் பாத்துக்கோ" என்றான் அவன். ஆனால் பழக்க நாளும் இல்லை. அவள் ஒரு தடவை பச்சை விளக்கு எரியும் வரை ஏற்றினாள். போட்டுப் பார்த்தாள். சுவரெல்லாம் வெள்ளையாய் வெளிச்சம் அடித்தது. அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு போனான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் அவன் கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் பொட்டலம் வாங்கி வந்தான். சங்கரன்கோவிலில் எந்த வீட்டிலும் அது இல்லாமல் இருக்காது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் பூசுவார்கள், புது வண்டி வாங்கினாலும் பூசுவார்கள். கடையில் புதுச் சாமான் எது வந்தாலும் முதல் வேலைக்குப் போகும் முன்னால் அம்மன் மண் வைப்பது வழக்கம். தண்ணீர் விட்டுக் குழைத்து, கேமராப் பைக்கு ஒன்று, ஃபிளாஷுக்கு ஒன்று என்று வைத்தான். நான்கு செல்லையும் தாம்பாளத்தில் நெட்டுக்குத்தாக நிறுத்தியிருந்தாள் பொன்செல்வி. பார்க்க வரிசையாய் நிற்கும் சின்னப் பிள்ளைகள்போல் இருந்தன. அவன் சிரித்துக்கொண்டே நான்கின் தலையிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தான். மிச்சம் இருந்ததை அவள் நெற்றியில் வைத்தான்.

"நல்லா பண்ணிட்டு வா" என்றான். அந்தக் குரல் பழைய குரலாக இருந்தது. அவள் தாம்பாளத்தைப் போனில் ஒரு படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தாள்.

முகூர்த்தம் விடிவதற்கு முன்னால். ஊருக்கு வெளியே உடைமரங்களுக்கு நடுவில் அவர்கள் குலசாமி கோயில். தகரப் பந்தல், கம்பத்தில் கட்டிய இரண்டு ட்யூப்லைட்டு, ஓடும்போதெல்லாம் விக்கும் ஜெனரேட்டர். வீடியோ வேண்டாம் என்று முத்துத்தாய் சொல்லியிருந்தாள். மகள் கழுத்தில் தாலி ஏறுகிற படம் ஒன்று பெரிதாக வேண்டும், அதை நடுவீட்டில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. முத்துத்தாய் ஒரே பூவை மூன்று தடவை பூமாரி தலையில் வைத்துச் சரிசெய்தாள்; அதை எடுத்தாள். மாப்பிள்ளை கண்ணன் பட்டுவேட்டி அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தான், அதையும் எடுத்தாள். இதற்கெல்லாம் கடையின் பழைய செல்லைத்தான் போட்டிருந்தாள். தாலித் தட்டு சுற்றி வரும்போது ஃபிளாஷ் ஒவ்வொரு தடவையும் யோசித்து யோசித்து அடிக்க ஆரம்பித்தது. இனி இதை நம்பக்கூடாது என்று பழைய செல்லை எடுத்துவிட்டுப் புதிய நான்கையும் போட்டு மூடினாள்.

ஃபிளாஷின் முதுகில் எரிய வேண்டிய சின்ன விளக்கு வரவில்லை.

திறந்து மூடினாள். வரவில்லை. கெட்டிமேளம் ஏறியது. இதோ வந்துவிடும் என்ற நினைப்பில் பட்டனை அழுத்தினாள். இருட்டு. செல்லை உருட்டிவிட்டு அழுத்தினாள். இருட்டு. பழைய செல்லையே திரும்பப் போட்டிருந்தாலோ, ஃபிளாஷை மறந்துவிட்டுக் கேமரா வெளிச்சம் வாங்கும் அளவைக் கூட்டியிருந்தாலோ மங்கலாகவாவது ஒரு படம் விழுந்திருக்கும். அது அவளுக்கு ஞாபகம் வந்தபோது நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போட்டுவிட்டாள்.

தாலியைக் கையால் பிடித்தபடி ஒரே ஒரு நிமிஷம் அப்படியே இருக்க முடியுமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டுப் பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"கட்டின தாலிய எவனாவது திரும்பக் கட்டுவானா? தள்ளும்மா அங்கிட்டு."

முத்துத்தாய் பார்த்த பார்வையைத்தான் பொன்செல்வியால் பிறகு மறக்க முடியவில்லை. திரையில் விழுந்திருந்த படங்களில் குத்துவிளக்கின் சுடரும், யாருடையது என்று தெரியாத ஒரு கையின் ஓரமும் இருந்தன. மற்றதெல்லாம் கறுப்பு.

புளியங்குடியில் இருந்து இசக்கித்துரை மத்தியானம் திரும்பினான். அவள் அழாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஃபிளாஷை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தவன் செல்லைச் சார்ஜரில் மாட்டினான்.

"நான் அப்பமே சொன்னேன். பழக்காத பேட்டரி" என்றான்.

அப்போதுதான் அவள் அழுதாள். படித்த திமிரில் பேச்சுக் கேட்காமல் போய்விட்டேன் என்றாள். உட்கார்ந்திருந்தவன் காலைப் பிடித்துக்கொண்டாள். அவன் தலையைத் தடவிக்கொடுத்து, விடு விடு என்றான். கத்துவான் என்று எதிர்பார்த்திருந்தாள். அவன் கத்தாததால் அவன்மேல் அவளுக்குப் பிரியம் கூடிப்போனது.

ஒரு வாரம் அவன் அந்த நான்கு செல்லையும் பழக்கினான். ஏற்றினான், தீர்த்தான், ஏற்றினான். பிறகு போட்டோகிராபர் சங்கத்து வீரபாண்டி அண்ணாச்சியும் வேறு இரண்டு பேரும் கடைக்கு வந்திருந்த சமயம், அவர்கள் முன்னால் ஃபிளாஷில் போட்டு அடித்துக் காட்டினான். அடித்துக்கொண்டே இருந்தது. கல்யாண வீட்டுக் கதை ஏற்கனவே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"புதுசா எது வந்தாலும் மூணு தடவை பழக்கணும்வே" என்றார் வீரபாண்டி. "பேட்டரியானாலும் சரி, பொம்பளையானாலும் சரி. நீரு ரெண்டையும் பழக்காம ஒரே நாள்ல அனுப்பி வச்சிட்டீரு."

நீலத்திரைக்குப் பின்னால் லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்த பொன்செல்விக்கு எல்லாம் கேட்டது. இசக்கித்துரை சிரித்ததும் கேட்டது. பிறகு யாரோ டீ சொன்னார்கள்.

ஆல்பம் அச்சாகி வந்தது. தாலி கட்டும் பக்கத்தில் மாலை மாற்றுகிற படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தான். கடைசிப் பக்கத்தில் 'படங்கள்: இசக்கித்துரை' என்று இருந்தது. அவன் அந்த ஊர்ப் பக்கமே போனதில்லை.

அதற்குப் பிறகு சடங்கு வீடுகளுக்கும் அவனே போனான். கேட்கிறவர்களிடம் ஒரு சிரிப்போடு அந்தக் கதையைச் சொன்னான். அவளுக்குக் கடையில் பாஸ்போர்ட் போட்டோவும், லேமினேஷனும், ஆவணி முகூர்த்தங்களுக்கு வாங்கி வைத்த புது செல்களைப் பழக்குகிற வேலையும் வந்தன. சார்ஜ் ஏறிய செல்லைத் தீர்க்க வேண்டுமானால் ஃபிளாஷை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவள் நாற்காலியில் உட்கார்ந்து வெறும் சுவரைப் பார்த்து அடித்துக்கொண்டிருப்பாள். ஆடியில் கல்யாணம் கிடையாது. கடைக்கு ஆட்களும் குறைவு. அவள் அடிக்கிற ஒவ்வொரு வெளிச்சத்திலும் சுவரில் இருந்த மாமனார் கண்ணாடிக்குள் மின்னி மறைந்தார்.

பல நேரம் அவளுக்கே சந்தேகம் வந்தது. படித்தது பொய்யாக இருக்குமோ. கடையில் போட்டுப் பார்த்தபோது அடித்த ஃபிளாஷ் கல்யாணத்தன்று ஏன் சாக வேண்டும். பழக்கிய பிறகு ஏன் நன்றாக அடிக்க வேண்டும்.

அம்மன் கோயில் திருவிழாவான ஆடித்தபசு அன்று தெருவெல்லாம் கூட்டம். மாடியில் இருந்து ஒரு படம் எடுக்கலாம் என்று போனைத் திறந்தால் இடமில்லை என்றது. பழையதை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தாள். தாம்பாளப் படம் வந்தது.

நான்கு செல். நான்கின் தலையிலும் புற்றுமண் பொட்டு. பக்கத்தில் அவன் விரல்.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். பொட்டு இருந்த இடம் செல்லின் உச்சிக் குமிழ். ஃபிளாஷில் கரண்ட் பாய்வது அந்தக் குமிழ் வழியாகத்தான். மண் குழைவு காய்ந்தால் கரண்ட் எப்படிப் போகும்? பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொல்லிவிடும் விஷயம். அன்று பக்கத்தில் தாம்பாளம் பிடித்து நின்றவள் அவள். இருட்டில் விரல் நுனியால் தடவிச் செல்லைப் போட்டவளும் அவள். இரண்டு தடவையும் அது அவளுக்குப் பொட்டாகவே இருந்தது.

கீழே இறங்கி அந்த நான்கு செல்லையும் எடுத்துப் பார்த்தாள். குமிழ்கள் பளிச்சென்று இருந்தன. குண்டூசியால் குமிழைச் சுற்றியிருந்த பள்ளத்தைக் கிளறினாள். காவி நிறத்தில் தூள் வந்தது. உள்ளங்கையில் கொட்டி முகர்ந்து பார்த்தாள்.

தானாக உதிர்ந்திருக்கலாம். சார்ஜரில் போட்டு எடுத்துத் தேய்ந்திருக்கலாம். அவன் கவனிக்காமலே இருந்திருக்கலாம். இப்படித்தான் நினைக்க விரும்பினாள். உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவன் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் நினைவில் வந்து வந்து நின்றது. கேட்கவும் பயமாக இருந்தது. ஆடி முடிகிற வரை கேட்காமலே இருந்தாள்.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு அவன் சிவகிரிக்குப் போக வேண்டும். பழக்கி முடித்த புது செல்கள் தாம்பாளத்தில் நின்றன. புற்றுமண்ணை அவள்தான் குழைத்தாள்.

"இருங்க, இன்னைக்கு நான் வைக்கேன்" என்றாள்.

அவன் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். தலையாட்டினான். அவள் நான்கு செல்லின் உச்சியிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தாள். வைத்துவிட்டு அடுப்படிக்குப் போகிறவள்போல் திரும்பி, நிலைக்குப் பக்கத்தில் நின்றாள்.

அவன் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வந்தான். செல்லை எடுத்தான். வேட்டி நுனியால் உச்சியைத் துடைத்தான். நகத்தால் குமிழைச் சுற்றிச் சுரண்டினான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அடுத்ததை எடுத்தான். நாலுக்கும் ஒரே மாதிரி செய்தான். பேச்சு நிற்கவில்லை, மண்டபத்துக்கு எப்படி வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அவன் போனை வைக்கும் வரை காத்திருந்து அவள் கேட்டாள்.

"என்னத்துக்கு அத்தான் துடைச்சிய?"

"மண்ணு இருந்தா கரண்ட் பாயாதுல்லா" என்றான். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது.

அவள் நிலையை விட்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"அன்னைக்கே தெரியுமா?"

"உள்ளே கொண்டுபோய்ப் பாக்கும்போது தெரிஞ்சுது."

"அப்ப அந்த ஒரு வாரம் பழக்குனது?"

"நாலு பேரு பாக்கட்டும்னுதான்" என்றான். குரல் இறங்கியிருந்தது.

"நான் ஒங்க காலப் பிடிச்சு அழுதேன்."

அவன் கேமராப் பையின் வாரைச் சரி செய்தான். சரியாகத்தான் இருந்தது அது. பிறகு கொஞ்சம் வேகமாகப் பேச ஆரம்பித்தான். அம்மன் மண்ணால் தாலிப் படம் இருட்டாகிப் போனது என்று முத்துத்தாயிடம் போய்ச் சொல்ல முடியுமா, அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் அதையே நினைத்துக்கொண்டு கிடக்காதா, பேட்டரி என்று சொன்னால் ஒரு மனுஷத் தப்போடு போய்விடும் என்று சொன்னான். அவள் கடைசி வரை கேட்டாள்.

"அதுக்காகத்தான் சொல்லலையா?"

அவன் சுவரில் இருந்த அப்பாவைப் பார்த்தான். பொய் சொல்ல இன்னும் ஒரு வழி இருந்தது. ஏனோ அவன் அதை எடுக்கவில்லை.

"ஒம்பேரு போனா வீட்டோட போச்சு, செல்வி. எம்பேரு போனா கடையே போச்சு."

"போறதுக்கு எனக்கு எங்க பேரு இருந்துச்சு?" என்றாள் அவள்.

சிவகிரிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவன் பையைத் தோளில் போட்டான். வாசல் வரை போனவன் திரும்பி, நீயும் வாயேன், லைட்டு பிடிக்க ஆள் வேணும் என்றான். அவன் கண்ணில் நிஜமாகவே கெஞ்சல் இருந்தது. லைட் பிடிப்பதற்குக் கூப்பிடுவது அவளுக்குத் தருகிற பெரிய இடம் என்று அவன் மனதார நினைத்தான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கடையைப் பூட்டிப் போட முடியாது என்று மட்டும் சொன்னாள். வண்டிச் சத்தம் சாலையில் தேய்ந்து போனது.

முத்துத்தாயிடம் சொல்லிவிடலாம் என்று அவள் முடிவு செய்தபோது மணி பதினொன்று இருக்கும். குருவிகுளத்துக்கு எப்போது பஸ் என்று யோசித்துக்கொண்டிருக்கையில் கடை வாசலில் நிழல் விழுந்தது. பூமாரியும் கண்ணனும் நின்றிருந்தார்கள்.

கல்யாணத்தைப் பதிவு செய்ய இரண்டு பேரும் சேர்ந்த மாதிரி ஒரு போட்டோ வேண்டுமாம். பூமாரிக்குக் கொஞ்சம் முகம் வெளுத்திருந்தது. கேட்காமலே தெரிந்தது, இரண்டு மாதம் இருக்கும். அவள் கடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி இல்லையாக்கா?"

"சிவகிரிக்குப் போயிருக்காவ. சாயங்காலம் ஆகும்."

பூமாரி கண்ணனைப் பார்த்தாள். அப்படியானால் சாயங்காலமே வருகிறோம், கோயிலுக்குப் போய்விட்டு வருகிறோம் என்றான் அவன். மரியாதையாகத்தான் சொன்னான். அதற்குமேல் பொன்செல்வியால் பொறுக்க முடியவில்லை. கண்ணன் வண்டியைத் திருப்பப் போன நேரத்தில் பூமாரியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனைக் காட்டினாள். நான்கு செல்லையும், நான்கு பொட்டையும் காட்டினாள். பேட்டரியில் ஒரு குறையும் இல்லை, அதைப் பழக்கவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இந்த மண் காய்ந்து கரண்டை மறித்துவிட்டது. என் மேல் தப்பில்லை பூமாரி என்றாள்.

பூமாரி படத்தை நெடுநேரம் பார்த்தாள். மெதுவாக அவள் கை வயிற்றுக்குப் போனது.

"அம்மன் மண்ணா மறிச்சுது?" என்றாள்.

"அப்படி இல்ல. எந்த மண்ணா இருந்தாலும்..."

"அக்கா, இத யாருகிட்டயும் சொல்லிராதீக." அவள் குரல் தணிந்துவிட்டது. "தாலிப் படம் இருட்டாயிட்டுன்னு எங்க அத்தை ஒரு மாசம் ஒருவாய்ச் சோறு நிம்மதியா திங்க விடல. என்ன குத்தமோ, எந்தச் சாமிக்குப் பிடிக்கலையோன்னு குறி கேக்கக் கெளம்பிட்டாவ. போட்டா எடுக்க வந்தவுக பேட்டரியப் பழக்காம கொண்டாந்துட்டாகன்னு அண்ணாச்சி போன்ல சொன்ன பெறவுதான் வாயடச்சாவ. இப்பம் இதுவேற இருக்கு." வயிற்றில் இருந்த கையை அவள் எடுக்கவில்லை. "பேட்டரின்னே இருக்கட்டும்க்கா."

பொன்செல்வி போனை வாங்கிக்கொண்டாள். இசக்கித்துரை காலையில் சொன்னது இந்தப் பிள்ளை விஷயத்தில் சரியாக இருந்தது. அவன் பொய்க்குக் காரணமாகத் தேடி எடுத்த ஒன்று, தேடாமலே இங்கே உண்மையாக வந்து நின்றது. இதை அவனிடம் சொன்னால் அவனுக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தாள். சொல்லக்கூடாது என்றும் நினைத்தாள்.

"பேட்டரிதான்" என்றாள். "பழக்காம எடுத்துட்டு வந்துட்டேன்."

பூமாரி அவள் முகத்தைப் பார்த்தாள். பாவமாக இருந்திருக்க வேண்டும். வாசலைப் பார்த்துக் கண்ணனைக் கூப்பிட்டாள்.

"நீங்களே எடுத்திருங்கக்கா. சின்னப் போட்டாதானே" என்றாள்.

இருவரையும் நீலத்திரைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார வைத்தாள். கண்ணன் சட்டைக் காலரை இழுத்துவிட்டாள். பூமாரியின் தாலிச் சரடு சேலைக்குள் மறைந்திருந்தது. அதை எடுத்து வெளியே விட்டாள். மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. ஒரு கணம் அதைப் பிடித்தபடியே நின்றுவிட்டு, கேமராவுக்குப் பின்னால் போனாள். ஆனி மாதத்து நான்கு செல்லையும் ஃபிளாஷில் போட்டாள்.

வெளிச்சம் முழுசாக அடித்தது. இரண்டு பேருக்கும் கண் திறந்திருந்தது. பூமாரி லேசாகச் சிரித்திருந்தாள், சடங்கு ஆல்பத்தில் இருந்த அதே சிரிப்பு. நல்ல படம். அதைச் சின்னதாக்கி, எட்டாக அடுக்கி, அச்சடித்து, ஓரம் வெட்டி உறையில் போட்டுக் கொடுத்தாள். அந்த அளவுப் படத்தில் யார் எடுத்தது என்று யாரும் பேர் போடுவதில்லை.

அவர்கள் போன பிறகு, அடுத்த முகூர்த்தத்துக்காகச் சார்ஜரில் மூன்றாவது தடவை தீர்ப்பதற்குக் காத்திருந்த வேறு புது செல்களைப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் தீர்த்து வைக்கச் சொல்லியிருந்தான் இசக்கித்துரை. அவள் ஃபிளாஷை மேஜையில் குப்புற வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.